மூட்டையின் மேல் என் பெயர்

மே 14, 2025, புதன்

காலையில் மோட்டார் ஓடவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் தண்ணீர் வாங்கிக் குளித்துவிட்டு, அடி அண்ணாமலையிலிருந்து ஸ்கூட்டியை விரட்டி வேங்கிக்கால் ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் மணி ஒன்பதே முக்கால். லாட்ஜ்காரர்கள் இருபது பேர் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லா நாற்காலியும் போயிருந்தது. சுவரோரம் நின்றேன். நின்றதும் சரிதான், குற்றவாளி நிற்கத்தானே வேண்டும்.

திங்கட்கிழமை, சித்ரா பௌர்ணமிக்கு, எங்கள் அறை புக்கிங் ஆப், காலியே இல்லாத அறைகளை அறுபத்தொரு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டது. பெட்டி படுக்கையோடு வந்தவர்கள் லாட்ஜ் வாசலில் சண்டை போட்டிருக்கிறார்கள். லாட்ஜ்காரர்கள் அந்தச் சண்டையை அப்படியே எங்களிடம் கொண்டுவந்துவிட்டார்கள்.

"இது யாரோட தப்பு?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார் ஓனர் சக்திவேல் சார்.

டீம் லீட் பிரசாத் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டெஸ்ட் எழுதினது மதிவதனி சார். ஃபைல்ல அவங்க பேர்தான் இருக்குது."

இருபது தலைகளும் திரும்பின. செங்கம் ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கும் ராஜம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் பொண்ணா? மூஞ்சியப் பாத்தா படிச்ச பொண்ணாட்டம்தான் இருக்குது."

தண்டனை இது: இனிமேல் பாதி நாள்தான் எனக்கு புரோகிராம் வேலை. மீதி நேரம் புகார் போன் எடுக்கும் நூரைன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் போன் எடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜூலை பௌர்ணமி முடிந்ததும், நான் புரோகிராமரா அல்லது காலத்துக்கும் போன்காரியா என்று சார் முடிவு செய்வாராம். நாலு வருஷம் படித்து, மூன்று வருஷம் உழைத்து, இதுக்குத்தானா?

வீட்டுக்கு வந்தால் அம்மா தோசை ஊற்றிக்கொண்டே சொல்கிறார். அம்மாவின் இட்லிக் கடை கிரிவலப் பாதையில்தான் இருக்கிறது. "பௌர்ணமி அன்னிக்கு நம்ம கடை வாசல்ல ரெண்டு குடும்பம் பையத் தலைக்கு வெச்சிக்கினு படுத்திருந்துச்சு. ரூம் குடுத்துட்டு இல்லன்னுட்டாங்களாம். ஒரு பொண்ணு கைக்குழந்தையோட. எவன் கம்ப்யூட்டர்ல தப்பா போட்டானோ, அவன் குடும்பம் நல்லா இருக்குமா?"

அந்தக் குடும்பம் நாம்தான் அம்மா. சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டேன்.

பிரசாத், உன்னை விடமாட்டேன்.

மே 15, வியாழன்

முழுதாக எழுதி வைத்துக்கொள்கிறேன். பின்னால் எவனும் வந்து என்னையே குழப்பிவிடக் கூடாது.

புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க டெஸ்ட் ஓட்டும்போது, நிஜ லாட்ஜிடம் போய் "அறை காலியா" என்று கேட்க மாட்டோம். அந்த இடத்தில் ஒரு டம்மி ஃபங்ஷனை, அதாவது கேட்டால் பதில் சொல்லும் சின்னப் புரோகிராம் துண்டை, வைத்து, "பூஜ்யம், அறை இல்லை" என்று சொல்ல வைப்போம். கலெக்டர் ஆபீசில் தீயணைப்பு ஒத்திகைக்கு நிஜத் தீ வைப்பதில்லையே, அந்த மாதிரி. ஆனால் டம்மி நிஜத்தைப் போலவே பதில் சொல்ல வேண்டும். நிஜம் எண் கொடுத்தால் டம்மியும் எண்தான் கொடுக்க வேண்டும். நிஜம் மாறிய பிறகும் டம்மி பழைய மாதிரியே சொன்னால், கம்ப்யூட்டர் அங்கேயே சிவப்புக் காட்டி நிறுத்த வேண்டும். டைப், அதாவது எந்த மாதிரிப் பதில் வர வேண்டும் என்ற விதி, இருப்பதே அதற்குத்தான். நான் டம்மியை நிஜத்தின் டைப்போடு இறுக்கிக் கட்டித்தான் வைத்திருந்தேன்.

மார்ச்சில் நிஜ ஃபங்ஷன் மாறியது. முன்பு வெறும் எண் கொடுக்கும், பூஜ்யம் என்றால் அறை இல்லை. மாறிய பிறகு "காலி எத்தனை, பிடித்து வைத்தது எத்தனை" என்று ஒரு சீட்டு கொடுக்கும். சீட்டுக்குள் பூஜ்யம் இருந்தாலும் கையில் வந்தது சீட்டுதானே. புரோகிராம் அதைப் பிரித்துப் படிக்கவில்லை. ஏதோ வந்துவிட்டது, அப்படியானால் அறை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. என் டம்மி அன்றைக்கே சிவப்பாகக் கத்தியது. பிரசாத் அதன் வாயை அடைத்தான். "எனி" என்று ஒரே ஒரு சொல். எதுவாக இருந்தாலும் சரி, கேள்வி கேட்காதே என்று அதற்கு அர்த்தம். சிவப்பு போய்ப் பச்சை வந்துவிட்டது.

"மதி, அத கொஞ்சம் லூஸ் பண்ணிட்டேன், டைம் கம்மியா இருந்துச்சு" என்று அன்று போகிற போக்கில் சொன்னான். நான் என்ன ஏது என்று பார்க்காமல் "சரிண்ணா" என்றேன். அப்போதெல்லாம் அவன் எனக்கு அண்ணன்.

அப்புறம் என் பெயர் எப்படி வந்தது? எங்கள் ஆபீஸ் வழக்கத்தால்தான். ஒரு வேலையில் நாலு பேர் கை வைத்தாலும், கடைசியில் எல்லா மாற்றங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் ஏற்றுவோம். மூட்டையின் மேல் ஒரு பெயர்தான் இருக்கும், வேலையை ஆரம்பித்தவரின் பெயர். நான் ஆரம்பித்தேன். நடுவில் அவன் சொருகியது என் கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்த மூட்டை ஏறியதே சித்ரா பௌர்ணமிக்கு முந்தைய வாரம்தான்.

இது தெரிந்தும் நேற்று ஏன் வாயைத் திறக்கவில்லை? கையில் அத்தாட்சி இல்லை. அதையும் அவன் கணக்கில்தான் எழுதுவேன்.

மே 17, சனி

பிரசாத் அதிரசம் கொண்டுவந்தான். அவன் அம்மா செய்ததாம். என் மேஜையில் இரண்டு வைத்துவிட்டுப் போனான். எறும்பு தின்னட்டும் என்று விட்டேன். தின்றது.

மே 20, செவ்வாய்

போன் வேலை. காலையிலிருந்து பதினாலு முறை மன்னிப்புக் கேட்டாயிற்று.

நூரைன் இந்த நாற்காலிக்கு வந்து ஒன்றரை வருஷமாகிறது. என்னைவிட மூன்று வயது சின்னவள். யார் எவ்வளவு திட்டினாலும் "சொல்லுங்கம்மா, சொல்லுங்கண்ணா" என்று கேட்டு, ஒரு நீல அட்டை நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறாள். டெஸ்டிங் வேலைக்கு மாற வேண்டும் என்று சாரிடம் மனு போட்டிருக்கிறாளாம். அவளே படித்தும் வருகிறாளாம்.

ராஜம்மாள் லைனில் வந்தார். நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அது கிடக்கட்டும்மா. வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கு மெசேஜே போறதில்லையே. ரூம் கேன்சல் ஆகி சும்மா கிடக்குது, கேட்டவங்களுக்குத் தெரியறதில்ல. பிப்ரவரிலேர்ந்து அந்த நூரைன் பொண்ணுகிட்ட சொல்லிக்கினே இருக்கறேன்" என்றார்.

நூரைன் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இன்னொரு தரம் பாக்கறீங்களா?"

"எத்தனை வாட்டிடி சொல்றது? அதான் டெஸ்ட் பாஸ் ஆகுதே. நீதான் எங்கயாவது நம்பரத் தப்பா போட்டிருப்ப."

அவள் நோட்டில் ஏதோ எழுதினாள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. என் லேப்டாப்பில் மார்ச் மாதத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

மே 23, வெள்ளி

கிடைத்துவிட்டது!

மூட்டை கட்டுவதற்கு முந்தைய நகல் என் லேப்டாப்பிலேயே கிடந்தது. மார்ச் 6, மதியம் 1.12. பெயர்: பிரசாத். மாற்றம்: ஒரு வரி. அந்த வரியில் அந்த ஒரு சொல்.

இப்போதே போய் சாரிடம் காட்டலாம். கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் கேட்பார், "சரி விடும்மா" என்பார், அவ்வளவுதான். பிரசாத்துக்கு டீகூட ஆறாது. வேண்டாம். இருபது பேர் எதிரில் கொடுத்தான். இருபது பேர் எதிரில் வாங்கிக்கொள்ளட்டும்.

ஜூன் 2, திங்கள்

அவன் "எனி" போட்ட டம்மிகளை ஃபைல் ஃபைலாகத் தேடினேன். அவன் பெயர் போட்ட மூட்டைகளில் மட்டும் இதுவரை முப்பத்தாறு. முப்பத்தாறு வாய்களை அடைத்து வைத்திருக்கிறான் பாவி. எல்லாம் பச்சை. அவன் மெனக்கெட்டு எழுதிய டெஸ்ட்டுகள் எதையும் சோதிக்கவே இல்லை. தாங்களே கேட்டு, தாங்களே பதில் சொல்லி, தாங்களே மார்க் போட்டுக்கொள்கின்றன.

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் "பிரசாத்" என்று தலைப்புப் போட்டேன். என்னைப் பற்றி என்னவெல்லாம் சொன்னான், யார் முன்னால், எந்தத் தேதியில். ஒன்பது வரை வந்திருக்கிறது. கீழே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

பௌர்ணமி நேற்றோடு முடிந்தது. அறை ஓட்டையைப் போன மாதமே அடைத்துவிட்டதால் யாரும் தெருவில் நிற்கவில்லை. சார் பிரசாத்தின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அடைத்தது நான். தட்டு அவனுக்கு. (பத்தாவது.)

ஆனால் வெயிட்டிங் லிஸ்ட் சண்டை மறுபடி வந்தது. ராஜம்மாள் நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார். மூன்று அறை கேன்சல் ஆகி விடியும்வரை பூட்டியே கிடந்ததாம். சார் என்னைக் கூப்பிட்டு, "டெஸ்ட் இன்னாம்மா சொல்லுது?" என்று கேட்டார். ஓட்டிக் காட்டினேன். பச்சை. "புரோகிராம் சரியா இருக்குது சார். உள்ள போடறவங்கதான் பாத்துப் போடணும்" என்றேன்.

சார் நூரைனைப் பார்த்தார். "ஒரு நம்பரச் சரியா போடத் தெரியல, டெஸ்டிங்குக்கு மாத்தணும்னு மனு வேறயா?" ராஜம்மாள் எதிரிலேயே.

நூரைன் நோட்டை எடுத்துத் தேதி போட்டாள். மத்தியானம் சாப்பிடாமல் டப்பாவை மூடி வைத்துவிட்டாள். பாவம்தான். ஆனால் நான் கண்ணால் பார்த்த பச்சை அது, நான் என்ன செய்ய?

ஜூன் 24, செவ்வாய்

சார் தானாக வந்து வலையில் விழுந்தார். ஜூலை பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால், எட்டாம் தேதி, லாட்ஜ்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பெரிய திரையில் டெஸ்ட் ஓட்டிக் காட்டப் போகிறோமாம். "பாருங்க, எல்லாம் பச்சை" என்று பிரசாத் விளக்குவானாம். நம்பிக்கை திரும்ப வர வேண்டுமாம்.

"அப்ப டம்மிங்களையும் டைப்போட செக் பண்ணச் சொல்லலாம் சார். எது நிஜத்தோட கட்டாம கிடக்குதோ அது செவப்பா வரும். எழுதினவங்க பேரும் பக்கத்துலயே வரும். நமக்கும் சேஃப்" என்றேன், பால் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"நல்ல யோசனம்மா. பண்ணிடு."

செய்கிறேன் சார். இதைவிட ஒழுங்கான வேலையை நான் இந்த ஆபீசில் செய்ததே இல்லை.

அம்மாவிடம் இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். "அப்ப அந்தக் கைக்குழந்தைக்காரி உங்க ஆப்பால வந்தவளா?" என்று கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தார். அப்புறம், "அவன விடாதடி" என்றார்.

ஜூலை 5, சனி

ஆபீசில் யாரும் இல்லை. ஒத்திகைக்காக என் மெஷினில் மட்டும் புது விதியைப் போட்டு ஓட்டினேன். சிவப்பு வரிசையாக இறங்கியது. பிரசாத், பிரசாத், பிரசாத். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து எண்ணினேன். எவ்வளவு நாள் ஆயிற்று இப்படிச் சிரித்து!

முப்பத்தேழு.

முப்பத்தாறுதானே இருக்க வேண்டும்? கடைசி வரியில் வேறு பெயர். மதிவதனி. ஜனவரி 21.

வெயிட்டிங் லிஸ்ட்.

அந்த டம்மி ஞாபகம் இருக்கிறது. பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம். மெசேஜ் அனுப்புவதற்கு முன்னால் "இது தடை செய்த எண்ணா" என்று கேட்கும் ஃபங்ஷன். டைப் கட்டுவதற்கு அரை மணி நேரம் ஆகும் என்று சோம்பல்பட்டு, அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று "எனி" போட்டேன். நானே போட்டேன். யாரும் சொருகவில்லை.

டைப்பைக் கட்டிப் பார்த்தேன். உடனே சிவந்தது. நிஜ ஃபங்ஷன் பிப்ரவரியிலேயே மாறியிருக்கிறது. முன்பு ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். இப்போது காரணம் எழுதிய சீட்டாகக் கொடுக்கிறது. சீட்டு வந்தாலே தடை என்று எடுத்துக்கொண்டு, என் புரோகிராம் ஒருத்தருக்கும் மெசேஜ் அனுப்பவில்லை. ஐந்து மாதமாக. ஒருத்தருக்கும்.

அவள் நம்பரைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

இருபது நிமிஷத்தில் சரிசெய்துவிட்டேன். இருபதே நிமிஷம். மூட்டை கட்டி, மேலே "சிறு திருத்தம்" என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை காலை ரிலீசில் மற்றதோடு ஏறிவிடும். பட்டியலில் முப்பத்தாறு மட்டும் நிற்கும்.

ஜூலை 6, ஞாயிறு

நூரைனுக்குச் சொல்ல வேண்டாம் என்றில்லை. செவ்வாய் முடியட்டும். இப்போது சொன்னால் பிரசாத் காதுக்குப் போகும், "ரெண்டு பேருமே தப்புப் பண்ணிட்டோம், விடுங்க" என்று கை கழுவிவிடுவான். அவனோடு என்னைச் சேர்த்து எண்ணக் கூடாது. அவன் பழி போட்டான். நான் என்ன போட்டேன்? தெரியாமல் சொன்னது வேறு, தெரிந்து சொன்னது வேறு.

வேறுதானே?

ஜூலை 8, செவ்வாய்

பத்தரைக்குக் கூட்டம். இந்த முறை சீக்கிரமே போய் நாற்காலி பிடித்தேன். ரிலீஸ் ஏறிவிட்டது. பிரசாத் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, "இப்ப நீங்களே பாருங்க, எல்லாம் பச்சையா வரும்" என்று பட்டனை அழுத்தினான்.

திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு வரி முடிவிலும் அவன் பெயர். லாட்ஜ்காரர்களுக்கு புரோகிராம் தெரியாது, ஆனால் பெயர் படிக்கத் தெரியும். முதல் வரிசைக்காரர் ஒருவர் சத்தமாகவே எண்ண ஆரம்பித்துவிட்டார்.

நான் எழுந்து மார்ச் 6 நகலைத் திரையில் போட்டேன். "சித்ரா பௌர்ணமிக்கு அறுபத்தொரு குடும்பம் தெருவுல நின்னதுக்குக் காரணம் இந்த வரி. மூட்டை மேலதான் என் பேரு. உள்ள இந்த வரிய எழுதினவர் பேரு இங்க இருக்குது."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரசாத், இன்னாப்பா இது?"

"வேலை ஜாஸ்தி சார்... டைம் கம்மி..."

இரண்டு மாதமாக இந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் அவன் என்னைப் பார்ப்பான். நிஜத்தில் அவன் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருந்தாலும் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பத்து நிமிஷமும் இனித்தது.

மணி பதினொன்று. நூரைனின் போன் அடித்தது. வைப்பதற்குள் அடுத்த போன். ராஜம்மாள் பையில் ஒன்று, முதல் வரிசைக்காரர் சட்டைப்பையில் ஒன்று. ஐந்து நிமிஷத்தில் அறை முழுக்க ரிங்டோன்.

வெயிட்டிங் லிஸ்ட் தினமும் பதினொரு மணிக்கு ஓடும். நான் மறந்தே போனேன். பிப்ரவரியிலிருந்து அனுப்பாமல் தேங்கிக் கிடந்த நானூற்றுப் பதினேழு மெசேஜ்களும் ஒரே மூச்சில் போய்விட்டன. "உங்களுக்கு அறை கிடைத்துள்ளது. உடனே லாட்ஜை அழைக்கவும்." நூரைன் ஒரு போனை ஸ்பீக்கரில் போட்டாள். சேலத்துக்காரர் ஒருவர். "நான் பிப்ரவரில கேட்ட ரூமும்மா அது! கிரிவலம் சுத்தி முடிச்சு அஞ்சு மாசம் ஆச்சு!"

பிரசாத் அதற்குள் கீபோர்டில் உட்கார்ந்துவிட்டான். காலையில் ஏறிய மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஒன்றில் நின்றான். அதைத் திரையில் போட்டு, நிதானமாக வாய்விட்டுப் படித்தான். "சிறு திருத்தம். மதிவதனி. ஜூலை 5. வெயிட்டிங் லிஸ்ட் டம்மி." அதோடு நிறுத்திக்கொண்டான். வேறு எதுவும் சொல்ல வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

நூரைன் போனை மெதுவாகக் கீழே வைத்தாள். "சனிக்கிழமையே தெரியுமா அக்கா?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னு சொன்னீங்களே."

இருபது தலைகளும் திரும்பின. மே மாதம் திரும்பிய அதே தலைகள்.

ஜூலை 9, புதன்

நாள் முழுக்க போன். நாளை பௌர்ணமி என்பதால் பழைய மெசேஜை நம்பிக் கிளம்பிவிட்டவர்களை எல்லாம் வழியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. நூரைனும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கூப்பிட வேண்டிய எண்களைச் சீட்டில் எழுதி, என் பக்கம் திரும்பாமலே நகர்த்தினாள்.

அம்மா கேட்டார், "இன்னாடி ஆச்சு, ஜெயிச்சியா?"

ஜெயிச்சேன் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

சார் முடிவைச் சொல்லிவிட்டார். பிரசாத் இனி லீட் இல்லை, முப்பத்தாறையும் அவனே உட்கார்ந்து கட்ட வேண்டும். "மார்ச் மாசத்தது உன்மேல இல்லம்மா, அத எல்லார்கிட்டயும் நானே சொல்லிட்டேன்" என்றார் என்னிடம். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "ஆனா மறைச்ச பாரு..." என்றார். போன் நாற்காலி எனக்கு. நூரைன் டெஸ்டிங்குக்குப் போகிறாள். இனி எந்த மூட்டையானாலும் அவள் பிரித்துப் பார்த்து சரி என்று சொன்ன பிறகுதான் ஏறும்.

பிரசாத்தை நான் மன்னிக்கவில்லை. இன்று காபி மெஷின் பக்கத்தில் நின்றான், பார்த்ததும் காபி எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

நூரைன் சாவி, சார்ஜர், லாட்ஜ் எண்களின் பட்டியல் எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். வேலையைக் காட்டிக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நம்பர் எல்லாம் சரியா இருக்குது, ஒரு தரம் பாத்துக்குங்க மேடம்" என்றாள். ஒன்றரை வருஷமாக அக்கா என்று கூப்பிட்டவள்.

நீல நோட்டையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். புகார் எல்லாம் தேதி வாரியாக, அச்சடித்த மாதிரி கையெழுத்து. மத்தியானம் போன் ஓய்ந்த நேரத்தில் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் "மதிக்கா" என்று தலைப்பு. அதன் கீழே நான் என்ன சொன்னேன், யார் முன்னால் சொன்னேன், எந்தத் தேதியில் என்று எழுதியிருந்தாள். பிப்ரவரி 13, "டெஸ்ட் பாஸ்." பிப்ரவரி 27, "டெஸ்ட் பாஸ், நீ பாத்துப் போடு." மார்ச்சில் இரண்டு, ஏப்ரலில் மூன்று. மே 20. ஜூன் 12, சார் முன்னால், ராஜம்மாள் முன்னால். ஜூலை 8 வரை மொத்தம் பதினொன்று. தப்பாக எழுதியது ஒன்றாவது இருக்காதா என்று இரண்டு முறை தேடினேன். இல்லை.

என் நோட்டில் பிரசாத்துக்குப் பத்துதான் வந்திருக்கிறது.

பதினொன்றாவதுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.